கண்ணை மூடிப் பார்த்த திரைப்படம்

என் மனைவியின் அடக்கப் பூசையில் பிரசங்கம் செய்த இளம் சாமியார் அவளைச் சந்தித்ததே இல்லை. ஆதலால் மிகுந்த உறுதியோடு பேசினார். ஆலய வளாகத்தில் அந்த அம்மையாரின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை என்றார். முன்வரிசையில் இருந்த என் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கச் சடங்கின் நடுவே எழுந்து திருத்தம் சொல்வது மரபன்று. எழுத்தில் சொல்லத் தடையில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். கோயில் மண்டபத்தில், பங்கு மக்கள் அனைவரும் முழந்தாளில் இருந்த ஒரு வேளையில், அவள் சிரித்த சிரிப்பு பினாங்கின் டத்தோ கிராமாட் சாலை வரை கேட்டது. அப்போது அவள் என் மனைவி ஆகியிருக்கவில்லை. இனி ஆகவும் மாட்டாள் என்று நான் முடிவு செய்ததும் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான்.

அது ஜப்பானியர் காலம். நான் ஆசிரியராக இருந்த ஆங்கிலப் பள்ளியை மூடிவிட்டார்கள். அரிசி இல்லாத ஊரில் அரிசிப் பங்கீட்டு அலுவலகம் ஒன்று இருந்தது. அதில் எழுத்தராக அமர்ந்து, இல்லாத பொருளை ஒழுங்காகப் பகிர்ந்துகொண்டிருந்தேன். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. பினாங்கில் அந்த உத்தரவை மீறியது சூரியன் மட்டுமே. மரவள்ளிக் கிழங்கை அவித்தும், வறுத்தும், மாவாக்கியும், இறுதியில் மன்னித்தும் உண்டோம்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். தமிழ்க் கத்தோலிக்கரின் கோயிலுக்கு நான் போகத் தொடங்கியதற்குப் பக்தி காரணமன்று. அங்கே முதிய பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் இருந்தார். ஆங்கிலேயரையெல்லாம் சிறையில் அடைத்தவர்கள் பிரெஞ்சுக்காரரை விட்டுவைத்தார்கள். அந்தப் போரின் கணக்கில் பிரான்சு எந்தப் பக்கம் என்பது பிரான்சுக்கே தெளிவாக இருக்கவில்லை. என்னிடம் இலத்தீன் கொஞ்சம் இருப்பதை அறிந்த சாமியார், மாலை வேளைகளில் எனக்குப் பிரெஞ்சு கற்பிக்க முன்வந்தார். அடுத்த அறையில் உபதேசியாரின் மகள் ஆர்மோனியத்தில் கோயில் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருப்பாள். பிரெஞ்சு வினைச்சொற்களில் நான் பெரிய முன்னேற்றம் காணவில்லை.

உபதேசியார் என்பவர் பங்கில் சாமியாருக்கு அடுத்தவர். ஞானோபதேசம் என்னும் மதப் பாடம் சொல்லிக்கொடுப்பார், ஜெபம் சொல்லி நடத்துவார். எங்கள் உபதேசியாரின் பெருமையெல்லாம் அவர் ஜெபம் நடத்தும் முறையில் இருந்தது. அர்ச்சியசிஷ்டவர்கள் எனப்படும் புனிதர்களின் பிரார்த்தனையில் ஒருவரின் பெயர் சொல்லப்பட்டதும், கண்களை இறுக மூடி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எடுப்பார். அந்தக் குரலுக்குப் பிறகுதான் சபை சேர்ந்துகொள்ளும். அவர் கண் திறப்பது கடைசி ஆமேனுக்குத்தான். இடையில் கூரை விழுந்தாலும் அவருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியவேண்டும்.

அவர் மனைவியை இழந்தவர், மகள் ஒருத்திதான். வயது வந்த பெண்களை வீட்டில் வைத்திருக்க அஞ்சி எல்லோரும் அவசரமாக மணம் முடித்துக்கொண்டிருந்த காலம். மதம் மாறச் சம்மதித்து அவரிடமே ஞானோபதேசம் கேட்கத் தொடங்கிய நான், துணிந்து பெண் கேட்டேன். துறைமுகத்தருகே அரிசிக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவரும் கேட்டிருந்தார். அவர் பரம்பரைக் கத்தோலிக்கர், நற்குணமுடையவர், எல்லாவற்றுக்கும் மேலாக அரிசிக்கு அருகில் இருப்பவர். என் பக்கத்தில் இலத்தீன் இருந்தது. உபதேசியார் நேர்மையான மனிதர். கோயில் திருவிழா முடியட்டும், யோசித்துப் பதில் சொல்கிறேன் என்று எங்கள் இருவருக்கும் சொன்னார்.

இந்த நிலையில்தான் சாமியார் தம் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். கையால் கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் சிறிய படக்கருவியும் ஒரு படச்சுருளும் அதில் இருந்தன. போருக்கு வெகுகாலம் முன்பு, பிரான்சிலிருந்த அவருடைய தம்பி, அண்ணன் சிரிப்பதை மறந்துவிடக்கூடாது என்று அனுப்பியதாம். அது ஒரு மடத்தைப் பற்றிய பேசாப் படம். மடத்தில் இருப்பவர்களோ மௌனவிரதம் பூண்ட துறவிகள். பேசாதவர்களைப் பேசாப் படத்தில் எடுத்தது நல்ல சிக்கனம். தபசுகாலம், இறைச்சி விலக்கு. மடத்துச் சமையற்காரரான பருத்த துறவியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு கோழியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தம் அங்கியின் தலைமூடிக்குள் ஒளித்து வைக்கிறார். அந்நேரம் பார்த்துச் சாமியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேற்றிராணியார் மடத்தைச் சோதிக்க வருகிறார். கோழியைக் கண்டவர்களால் வாய் திறந்து காட்டிக்கொடுக்க முடியாது. படம் முழுவதும் அவ்வளவுதான். எங்கள் புராணங்களிலும் முனிவர்கள் நிறைய உண்டு, அவர்களும் சபலப்பட்டவர்களே. ஆனால் கோழிக்காக ஒருவரும் இவ்வளவு பாடுபட்டதாக நான் படித்ததில்லை.

திருவிழா ஞாயிறு பிற்பகலில் அதைப் பங்கு மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று சாமியார் விரும்பினார். அவர் தமிழைப் புதுச்சேரியில் பழைய நூல்களிலிருந்து கற்றவர். "பசித்தோருக்கு அன்னமிட என்னிடம் ஏதுமில்லை. நகைப்பையாவது இடுவேன்" என்றார். அனுமதி கேட்டு ஜப்பானிய அலுவலகத்துக்குப் போனார். படம் எதைப் பற்றியது என்று கேட்டார்கள். கீழ்ப்படிதலையும் பேசாமலிருப்பதையும் பற்றியது என்றார். உடனே முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

படத்தில் இடையிடையே வரும் எழுத்துகள் பிரெஞ்சில் இருந்தன. சாமியார் கைப்பிடியைச் சுற்றவேண்டும். ஆகவே அருகில் நின்று தமிழில் கதை சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆர்மோனியம் உபதேசியாரின் மகளுக்கு.

செய்தி அறிந்த உபதேசியார் என்னைக் கோயில் வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. படத்துல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்கிய எவன் போட்டிருந்தாலும் அது அங்கிதான். அதுக்கு ஒரு கொறச்சல் வந்துச்சுன்னா, நம்ம பேச்சு அங்கேயே முடிஞ்சிரும்."

மகளுக்கும் கருத்து இருந்தது. ஒத்திகையின்போது, ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்தியபடியே, என்னைப் பாராமல் சொன்னாள்.

"மாஸ்டர், எங்கப்பா சொன்னாருன்னு நீங்க அங்க நின்னு பிரசங்கம் வச்சீங்க, நான் அரிசி மூட்டையவே கட்டிக்கிறேன். அதாச்சும் கஞ்சிக்கு ஆகும்லா."

இவ்வாறாக, மக்கள் சிரித்தால் தந்தையை இழப்பேன், சிரிக்காவிட்டால் மகளை இழப்பேன் என்ற நிலையில் நான் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்றை என்னிடம் சொல்ல எல்லோருமே மறந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சம் காட்டுவது மக்களுக்குப் புதிதன்று. தபசுகாலம்தோறும் அதே துணியில் புனிதர்களின் அசையாப் படங்களைக் காட்டுவார்கள். படம் விழுந்ததும் ஒருவர் அந்தப் புனிதரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுவார். உபதேசியார் கண்மூடி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எடுப்பார். சபை முழந்தாளிட்டுத் தொடரும். பிறகு அடுத்த படம். கோயில் மண்டபத்துத் துணியில் அங்கி அணிந்த உருவம் தெரிந்தால் செய்யவேண்டியது இதுதான் என்று அந்தப் பங்கின் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் சைவன்.

ஆங்கிலேயர் காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சித் தைத்த கறுப்புத் திரைகள் மண்டபத்துச் சன்னல்களிலும் வாசலிலும் இன்னும் இருந்தன. அவற்றை இழுத்துவிட்டதும் பட்டப்பகல் இருளானது, காற்றும் நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில். உபதேசியார் முன்வரிசையில். அவருக்குப் பின்னால் அரிசிக் கிடங்குக்காரர், வெள்ளைச் சட்டையில். சுங்கை பினாங்கு ஆற்றின் வாடை திரைகளைத் தாண்டி வந்து எல்லோர் நடுவிலும் அமர்ந்துகொண்டது.

சாமியார் சுற்றத் தொடங்கினார். துணியில் துறவிகள் வரிசையாக நடந்து வந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் மண்டபம் முழுவதும் ஒரே அசைவாக முழந்தாளில் நின்றது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் உபதேசியார், கண்களை மூடியபடி.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது சபை.

படச்சுருள் நின்றால் விளக்கின் சூட்டில் பொசுங்கிவிடும் என்பதால் சாமியாரால் நிறுத்தவும் முடியவில்லை. பருத்த துறவி கால் இடறித் திராட்சைத் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான முகங்கள் பக்தியோடு என்னை நோக்கித் திரும்பின. புனிதர் யார், என்ன செய்கிறார் என்று நான் சொல்லவேண்டும்.

முடிவெடுக்க அவகாசம் இல்லை. "தாழ்மையின் பொருட்டு இத்துறவியார் தம்மைத் தாமே தலைகீழாக்கிக்கொள்கின்றார்" என்றேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அதன் பிறகு திரும்ப வழியில்லை. கோழியை அவர் தலைமூடிக்குள் திணித்தபோது, வாயில்லாச் சீவனுக்கு அடைக்கலம் தந்தார் என்றேன். கோழி அவர் காதைக் கொத்தியபோது, பொறுமை என்றேன். ஒரு துறவி இன்னொரு துறவியின் முகத்தில் கூழை வீசியபோது, பகிர்ந்துண்ணுதல் என்றேன். என் யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். புனிதர்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது போலும். ஒவ்வொன்றுக்கும் உபதேசியார் கண்மூடியபடி எடுத்தார், சபை தொடர்ந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ கண்ணீர் துடைத்துக்கொண்டார்கள். கைப்பிடிக்குப் பின்னால் சாமியார் முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். அது துக்கத்தினாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆர்மோனியப் பெட்டியின் மேல் தலை கவிழ்ந்திருந்தவளை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் குரல் போய்விடும் என்று தெரிந்திருந்தது. அவள் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். கோழி ஓடும்போது அது ஓடும் வேகத்துக்கு ஏற்ப அந்த ஒப்பாரியை விரைவாக வாசித்தாள் என்பதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன். பிற்காலத்தில் விருந்தினர் முன்னால் அவள் இதை மறுப்பாள். தான் வாசித்தது மாதாப் பாட்டு என்பாள். இப்போது என்னை மறுக்க ஆளில்லை. ஆகவே அது பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டாகவே இருக்கட்டும்.

மேற்றிராணியார் வந்தார். வெயிலில் வந்த களைப்பில் தம் தொப்பியைக் கழற்றி, மல்லாத்தி, மேசைமேல் வைத்தார். துறவிகள் அனைவரும் அவர் மோதிரத்தை முத்தமிட மண்டியிட்டார்கள். கோழி தலைமூடியிலிருந்து இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்து, தொப்பிக்குள் ஏறி அமர்ந்தது. சாமியாரின் கை தானாகவே மெதுவானது. இந்தக் கட்டத்தை அவர் பல முறை தனியே பார்த்து மகிழ்ந்திருக்கவேண்டும். கோழி எழுந்தது. தொப்பியின் நடுவில், துணியின் நடுவில், ஆள் தலை அளவுக்கு வெண்மையாக ஒரு முட்டை கிடந்தது.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது கேலியும் அன்று, பக்தியும் அன்று. அங்கிருந்தவர்களில் பலர் முட்டையைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. மேற்றிராணியாரையும் மடத்தையும் தபசுகாலத்தையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அத்தனை கண்களும் அதன்மேல் இருந்தன, இரண்டைத் தவிர. உபதேசியார் கண்மூடி அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்.

எனக்கு அதுவரை ஓடிய கற்பனை நின்றுபோனது. வெறும் முட்டைக்கு என்ன புண்ணியம் கற்பிப்பது? ஆர்மோனியம் நின்றிருந்தது. அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருந்ததைச் சொன்னேன்.

"முட்டை."

உபதேசியார் தம் வாழ்நாளில் எடுத்த குரல்களிலேயே கணீரென்ற குரலில் எடுத்தார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சபை தொடரவில்லை. இத்தனை வருடங்களில் முதல் முறையாக, ஆமேனுக்கு முன்னால், உபதேசியார் கண் திறந்தார். தமக்கு எதிரே தொப்பிக்குள் இருந்ததைக் கண்டார்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். மெல்லத் தொடங்கிப் பெருகிய சிரிப்பன்று அது; அணை உடைந்தது. ஆர்மோனியத்தின் மேல் விழுந்தாள். அதுவும் தன் எல்லாக் கட்டைகளாலும் ஒரே நேரத்தில் கத்தியது. பிறகு மண்டபமே உருண்டது. முழந்தாளில் இருந்தவர்கள் இருந்த நிலையிலேயே சாய்ந்தார்கள். கண்ணீர் துடைத்த பெண்கள் வேறு கண்ணீர் துடைத்தார்கள். சாமியார் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். துணியில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி விரிந்து மேற்றிராணியாரை விழுங்கியது. முட்டையைக் கடைசியாகத்தான் விழுங்கியது.

உபதேசியார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். யாரையும் பாராமல் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வெயிலுக்குள் நடந்து போனார்.

என் காரியம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. மகள் சிரித்துவிட்டாள், ஆனால் தந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அங்கிக்கு ஒரு குறைச்சலும் நான் வரவிடவில்லை; அங்கிக்குப் பதிலாக உபதேசியாருக்கு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் பிரெஞ்சு படிக்கப் போகவில்லை. அலுவலகத்தில் இல்லாத அரிசியை முன்னிலும் கவனமாகப் பகிர்ந்தேன்.

சில நாட்களுக்குப் பின் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாயார் மரவள்ளி அடை ஒன்றைக் கொடுத்து வரவேற்றார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திருநீறு பூசிய சாமி படங்களைப் பார்த்தபடி இருந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"தம்பி, எங்க வீட்டுல ராத்திரி ஜெபம்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல. நான் வேண்டிக்கொள்ளும்னு எடுத்தா, அவ முக்காட்ட வாயில திணிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறா. அடக்கிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அழுவுறா, திரும்பி வந்து முழங்கால் போடுறா, நான் எடுக்குறேன், மறுபடி போறா."

நான் வருந்துவதாகச் சொன்னேன்.

"அதோட போச்சா? நேத்துத் தனியா கண்ண மூடுறேன், முட்ட வருது. இத்தன வருசமா கண்ண மூடுனா ஆண்டவர் வந்தாரு. இப்ப முட்ட. அதுவும் தொப்பியோட."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் முகத்திலும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அது எளிதாக இருக்கவில்லை. அரிசிக் கிடங்குக்காரரைப் பற்றி நான் கேட்கத் தயங்கியதை அவர் புரிந்துகொண்டார்.

"அவருகிட்டப் போய்ப் பேசினேன். அன்னிக்குப் படம் எப்படின்னு கேட்டேன். ரொம்பப் பக்தியான படம்னாரு. கடைசியில எல்லாரும் ஏன் சத்தம் போட்டாங்கன்னுதான் வெளங்கலைன்னாரு." உபதேசியார் அடையை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார். "நல்ல மனுசன். என் மக அவரோட ஒரு வாரம் தாங்க மாட்டா. அவ என் வீட்டுல இருக்குற வரைக்கும் எனக்கு ஜெபம் திரும்பாது. நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

என் ஞானோபதேசம் இன்னும் முடியவில்லையே என்று நினைவூட்டினேன். அதைச் சாமியார் பார்த்துக்கொள்ளட்டும், தம்மால் இனி எனக்கு எதையும் கற்பிக்க இயலாது என்றார். ஓலை கூறுவதற்கு, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு வாசிப்பதற்கு, மகளும் நானுமாகப் போய்ச் சாமியாரிடம் சொல்லும்படி பணித்தார்.

அன்று மாலையே போனோம். அவர்கள் வீட்டு வாசலில் நின்று நான் செய்தியைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "போவோமா, மாஸ்டர்" என்றாள். கார் சக்கர ரப்பரில் வார் வைத்த மரக்கட்டைச் செருப்புகளில், என்னிடமிருந்து ஒரு கை தள்ளி நடந்தாள்.

சாமியார் இல்லத்துக்குப் போகும் வழியில் சாலை முனையில் ஒரு ஜப்பானியக் காவலாள் நிற்பான். அவனைக் கடப்பவர்கள் நின்று, இடுப்பு வளையக் குனிந்து, அவன் தலையசைத்த பிறகே நிமிரவேண்டும். தவறினால் அறை விழும். இருவரும் நின்று குனிந்தோம். சேர்ந்து தலை வணங்கியது எங்கள் வாழ்வில் அதுவே முதல் முறை. காவலாள் தன் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டு, துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்து அதைக் கட்டத் தொடங்கினான். எங்களை மறந்துவிட்டான்.

"நிமிரலாமா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பொறுங்கோ. இன்னும் பாக்கேல்லை."

அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சாலையில் மிதிவண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அவன் ஒரு காலின் கயிற்றைக் கட்டி முடித்து, மறு காலையும் அவிழ்த்துக் கட்டினான். நிதானமான மனிதன்தான். இன்னும் சற்று நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.